மெலிவு நோய்களின் எட்டுச் சீட்டுகள்

மழை போய்விட்டது என்று சொல்ல முடியாத, பனி வந்துவிட்டது என்றும் சொல்ல முடியாத நாள்கள் அவை. உரக்கப் பேசி ஓய்ந்த ஒருவரைப் போல வானம் தாழ்ந்து கிடந்தது. வெயில் நாள்தோறும் ஒரு விரற்கடை முன்னதாகவே சுவரைவிட்டு இறங்கிற்று. தெருவோர மரங்கள் இலைகளை ஒரேயடியாகக் கொட்டவில்லை. மனமில்லாமல் கொடுப்பவர்களைப் போல ஒவ்வொன்றாக விட்டன. கூதிர் என்று பழம்பாட்டு இப்பருவத்தை அழைக்கும். பிரிந்தவரை எண்ணி உடல் நலிவோர்க்குப் பொல்லாத காலம் என்றும் சொல்லும். குறைவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு, அதை அவசரப்படுத்தலாகாது என்பதுபோல் நாள்கள் மெல்லக் குறுகிவந்தன.

அந்தப் பருவத்தில்தான் எங்கள் நோய்ப்பெயர் அகரமுதலி முடியும் தறுவாய்க்கு வந்தது. எங்கள் என்று சொல்லிக்கொள்வது என் பெருமை, நூல் அக்காவினுடையது.

அக்கா ஒரு பெரிய மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் முப்பத்தோராண்டு வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற மறுவாரமே சைக்கிள் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகளை எடுத்து, வழக்கிலுள்ள நோய்ப்பெயர்கள் எங்கே பிறந்தன, எப்படி வந்தன, அவற்றுக்கு நாம் என்ன சொல்கிறோம் என்று தொகுக்க உட்கார்ந்தாள். பதினோராண்டு ஆயிற்று. பள்ளியில் செய்யுள் கற்பித்து ஓய்ந்த நான் அவளுக்கு மெய்ப்புத் திருத்துபவன். காலையில் பதிகம் பாடி முடித்ததும் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு அவளோடு மாடி ஏறுவேன். கணினியில் பக்கம் கட்டுபவளுக்கு நாங்கள் வைத்த பெயர் கமா. அவள் பேச்சு எங்கும் நிற்காது. சற்றே மூச்சு வாங்கிக்கொண்டு தொடரும்.

எங்கள் வேலை முழுவதும் சீட்டுகளில் நடந்தது. ஒரு சொல்லுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு சீட்டு. மேலே பெயர், அதன்கீழ் வேர், பிறகு பொருள், அடியில் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். வலப்பக்க மூலையில், அந்த வாக்கியத்தை எங்கே, என்றைக்குக் கண்டாள் அல்லது கேட்டாள் என்ற குறிப்பு: பேருந்து, எக்ஸ்ரே வரிசை, மருந்துக்கடை. மூலைக்குறிப்பு அச்சுக்குப் போகாது, சீட்டோடு நின்றுவிடும். அக்காவின் சட்டம் ஒன்றே ஒன்று. காணாததை எழுதக்கூடாது.

"ஒரே ஒரு வாக்கியத்தை நீயா இட்டுக்கட்டி எழுதிட்டேன்னு வை, அப்புறம் மத்த எல்லாத்தையும் எவன்டா நம்புவான்?" என்பாள்.

எல்லாப் பகுதிகளும் முடிந்து, மெலிவு நோய்கள் மட்டும் எஞ்சியிருந்தன. அதை அவள் கடைசிக்கு ஒதுக்கியதன் காரணம் எனக்குத் தெரியும்.

எங்கள் சிறுவயதில் அப்பா பின்னறையில் இருமி இருமிக் குறைந்துபோனார். தட்டும் தனி, குவளையும் தனி. கேட்டவர்களிடம் அம்மா, "கொஞ்சம் இளைச்சிருக்கார்" என்பாள். நோயின் பெயர் அந்த வீட்டில் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. ஆவணப் பிரிவில் சேர்ந்த முதல் மாதமே அக்கா அப்பாவின் பழைய கோப்பைத் தேடி எடுத்தாள். நோய் என்ற கட்டத்தில், அந்தக் காலத்து மருத்துவர் ஒருவர் கிரேக்கச் சொல் ஒன்றை எழுதிவைத்திருந்தார்: தைசிஸ். அதை எழுத்துக்கூட்டி வாசிக்கவும் அவளால் முடியவில்லை.

"அப்பா எதனால செத்தார்னு சொல்ல எனக்கு ஒரு வார்த்தை இல்லடா, தம்பி" என்றாள் அன்று மாலை. அழவில்லை. கோபமாக இருந்தாள். அந்தக் கோபம்தான் பின்னாளில் சீட்டுகளாயிற்று.

தைசிஸ் சீட்டை அவள் எழுதி என் மேசையில் வைத்தபோது நான் எழுந்து நின்றே படித்தேன். அச்சொல்லின் கிரேக்க வினைக்குத் தேய்தல் என்பது பொருள். மாதத்தின் தேய்பிறைப் பகுதியையும் அம்மக்கள் அதே வினையால் குறித்தார்கள். வடமொழியின் க்ஷயமும் நிலவின் தேய்வையும் இந்நோயையும் ஒருங்கே சொல்லும். இரண்டும் ஒரே தொல்வேரின் கிளைகள். நாம் தேய்பிறை என்கிறோம். 'மூன்று மொழியாரும் ஒரே நிலவை அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள், ஒரே மாதிரியான படுக்கையைக் குனிந்து பார்த்திருக்கிறார்கள்' என்று அடியில் எழுதியிருந்தாள். ஆவணக் கோப்புகளைத் தூக்கிச் சுமந்த பெண் எழுதிய வாக்கியம் அது. வகுப்பில் பாட்டுக்கு உரை சொல்லியே வாழ்நாளைக் கழித்த எனக்கு அப்படி ஒன்று வாய்த்ததில்லை.

மற்றவையும் அவ்வாறே. டேபீஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு உருகிக் கரைதல் என்று பொருள்; காசநோயை நாம் எலும்புருக்கி என்கிறோம். எலும்பு உருக இறைவனைப் பாடியவர்களின் மொழி நம்முடையது. நோயாளியின் மெலிவையும் அடியவரின் அன்பையும் ஒரே வினையால் தொட்டிருக்கிறது. மராஸ்மஸ் என்றால் வாடுதல், தீ அவிந்துபோதல். தாய்ப்பால் போதாமல் மெலியும் பிள்ளையை நாம் சவலை என்போம். கெக்கெக்சியா என்பதைப் பிரித்தால் 'கெட்ட நிலை' என்று வரும்.

"அப்படியா? அப்ப மாமியார் வீட்டுக்குப் போறப்பல்லாம் எனக்கு வர்றது அதுதான்" என்றாள் கமா.

"உனக்கா? உன் மாமியாருக்காயிருக்கும்" என்றாள் அக்கா உள்ளறையிலிருந்து.

மெலிவுப் பகுதியின் மெய்ப்பு மருத்துவ ஆலோசகரிடம் போய் வந்துவிட்டது. அவர் அக்காவோடு இருபதாண்டு பழகிய மருத்துவர். பச்சை மையில் குறிப்பெழுதுவார். இந்தப் பகுதியின் ஓரத்தில், 'நோய்க்குறிகளெல்லாம் மிகத் துல்லியம். மாணவர்களுக்கே கொடுக்கலாம்' என்று பாராட்டியிருந்தார். என் சிவப்புப் பென்சிலும் தன் கடமையைச் செய்திருந்தது. இரண்டு காற்புள்ளி சேர்த்திருந்தேன். 'சாயங்காலம் ஆனால் உடம்பு சுடுகிறது' என்பதை 'மாலைதோறும் உடல் காய்கிறது' என்று ஆக்கியிருந்தேன். 'வளை முன்கையில் நில்லாமல் முழங்கை வரை ஏறி இறங்குகிறது' என்ற வாக்கியத்தைக் கண்டதும் உள்ளம் குளிர்ந்து, 'பழம்பாட்டு அடி. இடம் சுட்டுக' என்று எழுதியிருந்தேன். தலைவன் பிரிந்தால் தலைவியின் தோள் மெலியும், வளை கழலும். நாற்பதாண்டு கற்பித்த மரபல்லவா? அக்கா மருத்துவ நூலுக்குள்ளும் செய்யுளை நுழைத்துவிட்டாளே என்று பூரித்துப்போனேன்.

"அண்ணா, இந்த வளை வரியை உள்ளே தள்ளிச் சாய்வெழுத்துல போடணுமா, வேண்டாமா?" என்று கேட்டாள் கமா. "பாட்டுன்னு எழுதியிருக்கீங்க, எந்தப் பாட்டுன்னு எழுதல, பேர் இல்லாம விட்டா அக்கா என் காதைத் திருகுவாங்க, உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, தம்பிப் பாசம்."

காலை முழுதும் நினைவைத் துழாவிப் பார்த்தேன். அந்த அடி எந்தப் பாட்டிலும் அகப்படவில்லை. எனக்கே அகப்படாத அடியா என்று சிறிது மானக்கேடாகவும் இருந்தது. கடைசியில் உள்ளறையை நோக்கிக் குரல் கொடுத்தேன்.

"அக்கா, வளை வரி எந்தப் பாட்டுல வருது?"

"எந்த வளை?"

"முழங்கை வரைக்கும் ஏறுற வளை."

முதலில் வந்தது ஓர் இருமல். அந்த இருமலைச் சில வாரங்களாகவே சீட்டுத் தூசி என்று அவள் சொல்ல, நாங்களும் சீட்டுத் தூசி என்றே நம்பிவந்தோம்.

"சீட்டைப் பாருடா" என்றாள். "எல்லாம் சீட்டுல இருக்கு."

இழுப்பறையைத் திறந்து சீட்டை எடுத்தேன். வலப்பக்க மூலையில் பாட்டின் பெயர் இல்லை. 'வீடு. செவ்வாய்' என்று இருந்தது.

அடுத்த சீட்டை எடுத்தேன். 'மாலைதோறும் உடல் காய்கிறது' என்று நான் அழகுபடுத்திய வாக்கியம். மூலையில்: வீடு. அடுத்தது, 'ஒருக்களித்துப் படுத்தால் முழங்காலும் முழங்காலும் இடிக்கின்றன. நடுவே துணியை மடித்து வைக்க வேண்டியிருக்கிறது.' வீடு. 'விடியும்போது தலையணை உறை நனைந்திருக்கிறது.' வீடு. 'மரநாற்காலி இப்போது கல்நாற்காலி.' வீடு. மொத்தம் எட்டுச் சீட்டுகள். எட்டிலும் அதே சொல், அதே சிறிய, நேரான எழுத்து.

எங்கள் வீட்டில் இருப்பவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவனுடைய சட்டைப் பொத்தான்கள் வயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. அக்கா கற்பனையாக ஒரு வாக்கியமும் எழுத மாட்டாள்.

சீட்டுகளை மேசையில் வரிசையாகப் பரப்பினேன். எட்டு வாக்கியங்களும் சேர்ந்து ஓர் உடம்பாயின. மருத்துவர் அதைத் துல்லியம் என்று பாராட்டினார். நான் அதற்குக் காற்புள்ளி வைத்தேன். கமா அதை அளவு பார்த்துப் பக்கத்தில் அமைத்தாள். மூவரும் வாக்கியத்தைப் பார்த்தோம். வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கவில்லை. குளிர் என்று சால்வையைப் போர்த்திக்கொண்டாள், நம்பினேன். நீ முதலில் சாப்பிடு என்றாள், சாப்பிட்டேன்.

உள்ளறைக்குப் போனேன். அவள் சன்னலருகே முன்னுரையைத் திருத்திக்கொண்டிருந்தாள். கையில் இருந்த எட்டுச் சீட்டையும் அவள்முன் வைத்தேன்.

"ஏன்க்கா சொல்லல?"

"எழுதியிருக்கேனே. நீதான படிச்சே? காற்புள்ளிகூட வச்சியே."

"விளையாடாதே."

அவள் பேனாவை மூடினாள். "இன்னும் பத்துப் பக்கம்டா. இப்பப் போனா படுக்கையில போட்டுடுவாங்க. பேர் வச்சிட்டா அப்புறம் நான் நோயாளி, அகராதிக்காரி இல்ல. அதான் முடிச்சிட்டுப் போகலாம்னு. அப்பாவுக்கு ஒரு வார்த்தை தேடிக் கெளம்பினேன். அதை அச்சுல பார்த்துட்டா போதும், அப்புறம் நடக்கிறது நடக்கட்டும்."

"நடக்கிறது நடக்கட்டுமா?"

"கத்தாதே. கமா காது பெருசு."

அவளைக் கெஞ்சிப் பயனில்லை, அழுதும் பயனில்லை. அறுபத்தொன்பது ஆண்டாக யாரும் அவளைக் கெஞ்சி எங்கும் அழைத்துப் போனதில்லை. பெருமை என்பது அவள் முதுகெலும்பாகவே இருந்தது. அது மட்டுந்தான் மெலியவில்லை. அதனால் அவள் பெருமையையே பிடித்துக்கொண்டேன். மேல்சீட்டை எடுத்து வாசித்தேன்.

"எலும்புருக்கி. அதுக்குக் கீழ இந்த வளை வாக்கியம். சரி. உனக்கு வந்திருக்கிறது எலும்புருக்கின்னு யார் சொன்னா?"

"பார்த்தாலே தெரியாதா? அப்பாவைப் பார்த்தவதான நான்?"

"சர்க்கரையா இருந்தாலும் இளைக்கும். தைராய்டுக்கும் இளைக்கும். நீயே எழுதியிருக்கே, மூணாவது பகுதியில. சோதிச்சுப் பார்க்காத உடம்பை எலும்புருக்கின்னு தலைப்புப் போட்டு அச்சேத்தலாமா? காணாததை எழுதக்கூடாதுங்கிற சட்டம் யாரோடது, என்னோடதா?"

அக்கா என்னைப் பார்த்தாள். சீட்டை வாங்கிப் பார்த்தாள். அந்த முகத்தில் முதலில் எரிச்சல் வந்தது. பிறகு, தன் கணக்கில் பிழை கண்டவர்களுக்கு வரும் அந்த அமைதி வந்தது.

"தப்புதான்" என்றாள். "தலைப்பு உறுதியாகல."

"எட்டுச் சீட்டும் உறுதியாகல."

"ரொம்ப ஆடாதே. செருப்பை எடு."

கதவருகே கமா தன் பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். அவள் வாயைத் திறக்காமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

மருத்துவர் அக்காவின் கையைத் தொட்டதும், வளையைத் தாமே மேலே தள்ளிப் பார்த்தார். அது தடையின்றி முழங்கை வரை போயிற்று. நான் மேசைமேல் வைத்த மெய்ப்பில் தம் பச்சை மைக் குறிப்பைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன்க்கா, இப்படியா என்கிட்ட நோயைச் சொல்வீங்க? நான் மார்க் போட்டு அனுப்பியிருக்கேனே!"

"நல்ல மார்க்குதான் போட்டீங்க, டாக்டர்."

"இன்னும் மானத்தை வாங்காதீங்க. மூச்சை இழுங்க."

சளியைச் சோதித்தார்கள், மார்பைப் படம் பிடித்தார்கள், சர்க்கரையும் தைராய்டும் பார்த்தார்கள். எடை முப்பத்தெட்டு கிலோ. இரண்டு நாள் கழித்து மருத்துவர் முடிவைத் தாளில் எழுதித் தந்தபோது, அக்கா அதை வாங்கி மூன்று முறை படித்தாள்.

"எலும்புருக்கிதான்" என்றாள், ஏதோ பந்தயத்தில் வென்றவளைப் போல. பிறகு குரல் தழைந்தது. "அப்பாவுக்கு வந்ததேதானா?"

"அதேதான். ஆனா அப்பாவுக்கு நேரத்துல மருந்து போய்ச் சேர்ந்திருக்காது. உங்களுக்கு இருக்கு. ஆறு மாசம், ஒரு நாள் தவறாம. இது போகிற நோய்க்கா."

"போயிடுமா?"

"போயிடும். அதையும் உங்க புத்தகத்துல போடுங்க."

அக்கா சிறிது யோசித்தாள். "போடுறேன். ஆனா இப்ப இல்ல. நான் பார்க்கணும்ல?"

அவ்வளவுதான். பதினோராண்டு உழைத்த நூல், ஒரே ஒரு வாக்கியத்துக்காக நின்றது. நானும் கமாவும் சொல்லிப் பார்த்தோம். மருத்துவர், ஆயிரம் பேருக்குக் குணமானதைத் தாம் நேரில் கண்டதாகச் சொல்லிப் பார்த்தார். "அது உங்க சீட்டு, டாக்டர்" என்றாள் அக்கா. அறிந்தவர்கள் அதைப் பிடிவாதம் என்றார்கள். நான் மட்டும் தெருவில் நிமிர்ந்து நடந்தேன்.

எனக்கும் கமாவுக்கும் சோதனை நடந்தது. எங்களிடம் நோய் இல்லை. முதல் வாரங்களில் அக்கா தன்னறையில் முகக்கவசத்தோடு இருந்தாள். சன்னல்களை எல்லாம் திறந்து வைத்தோம். ஆனால் தனித்தட்டை மட்டும் நான் ஒப்பவில்லை. அப்பாவின் தட்டை எண்ணி அவள் தானாகவே ஒன்றை ஒதுக்கி வைத்தாள்; நான் எடுத்துக் கழுவி மற்றவற்றோடு அடுக்கினேன். மறுநாளும் ஒதுக்கினாள், மறுநாளும் அடுக்கினேன். மூன்றாம் நாள் விட்டுவிட்டாள்.

"தட்டால ஒட்டுற நோய் இல்லைன்னு நீயே எழுதியிருக்கே."

"எழுதினவளுக்கே பாடமா?"

மாத்திரைகள் குமட்டின, சிறுநீர் செம்மஞ்சளாயிற்று, நான்காம் வாரத்தில் எல்லாவற்றையும் வீசியெறியப் போகிறேன் என்றாள். கமா வாரந்தோறும் வந்து வாசலில் நின்றபடியே ஊர்க்கதை முழுதும் சொல்வாள். "அக்கா, நீங்க படுத்திருக்கிறதால கீழ சைக்கிள் கடைக்காரர் தைரியமா சத்தமாப் பாட்டுப் போடுறார், நீங்க வந்துதான் நிறுத்தணும்" என்பாள். இரண்டாம் மாதத்தில் இருமல் நின்றது. மூன்றாம் மாதத்தில் பசித்தது. தலையணை உறை விடியலில் உலர்ந்திருந்தது. மரநாற்காலி மீண்டும் மரமாயிற்று. ஒவ்வொன்றையும் அவள் நாள் குறித்து எழுதிவைத்தாள். நான் எதையும் அழகுபடுத்தவில்லை.

மரங்கள் துளிர்த்து, வெயில் சுவரில் நெடுநேரம் தங்கத் தொடங்கியபோது ஆறு மாதம் நிறைந்தது. எடை நாற்பத்தேழு. மருத்துவர் இறுதிச் சோதனையின் தாளைத் தந்தார். பச்சை மையில், 'நோய் நீங்கியது' என்று எழுதி, அதன் கீழே இருமுறை கோடிட்டிருந்தார்.

அக்கா மாடிப்படிகளைத் தானாகவே ஏறினாள். இடையில் நிற்கவில்லை. மேசையில் உட்கார்ந்து ஒன்பதாவது சீட்டை எழுதினாள். 'எலும்புருக்கி வந்தது. ஆறு மாதம் மருந்து சாப்பிட்டேன். போய்விட்டது.' மூலையில் நாளையும் இடத்தையும் குறித்தாள்: வீடு. கமா அந்த வாக்கியத்தைப் பக்கத்தில் சேர்த்து, தாளை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். சிவப்புப் பென்சிலை எடுத்தேன். திருத்த ஒன்றும் இல்லை. பென்சிலைக் கீழே வைத்தேன்.

அன்று அந்தி மயங்குமுன் மூவரும் வீட்டுக்கு வந்தோம். கூடத்தின் சுவரில் சிறிய மாடம். அங்கே நான் நாள்தோறும் ஏற்றும் விளக்கு. அதையடுத்து அப்பாவின் படம். அக்கா கைகால் கழுவி வந்தாள். விளக்கை அன்று அவளே ஏற்றினாள். அச்சான தாளை அதன்முன் வைத்து, சுடரின் வெளிச்சம் எழுத்தில் விழுமாறு சற்றே திருப்பினாள். பிறகு அப்பாவைப் பார்த்து, அந்த வீட்டில் ஒருமுறைகூட ஒலிக்காத சொல்லைச் சொன்னாள்.

"அப்பா, உங்களுக்கு வந்தது எலும்புருக்கி. எனக்கும் வந்துச்சு. போயிடுச்சு."

நான் பதிகத்தை எடுத்தேன். இரண்டாம் அடியில் பாட்டு நின்றுவிட்டது. அவள் தொடர்ந்து பாடினாள். மூச்சு தளராமல், கடைசி அடி வரை. பாடி முடித்துக் கைகளைத் தலைக்குமேல் குவித்தபோது, வளை முன்கையில் சிறிது சரிந்து, அங்கேயே நின்றது.

கமா குனிந்து அவள் காலைத் தொட்டாள். நானும் தொட்டேன். அக்காவின் கை முதலில் கமாவின் தலையிலும் பிறகு என் தலையிலும் இறங்கிற்று, கனமாக, வெதுவெதுப்பாக.

"நோய்நொடி இல்லாம நல்லா இருங்க" என்றாள். "இந்தப் புத்தகத்தைத் தொடுற கையெல்லாம் நல்லா இருக்கட்டும்."